நீக்கப்பட்டவர் தயவுசெய்து போக வேண்டாம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மனிதரை வேலையிலிருந்து நீக்கினோம். செவ்வாய்க்கிழமை ராத்திரி அதே மனிதரிடம் போய், 'தயவுசெய்து போய்விடாதீர்கள்' என்று கேட்டுக்கொண்டோம்.

இரண்டு கடிதங்களையும் எழுதியது நான்தான். இரண்டிலும் எழுத்துப்பிழை கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

இராஜபாளையத்தில் எங்களுக்கு ஒரு கால்பந்துக் கழகம் இருக்கிறது. 'எங்களுக்கு' என்றால் கமிட்டிக்கு. விளையாடுகிறவர்கள் வேறு ஆட்கள். பெண்கள் அணி. பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட்டிலும் நூல் மில்லிலும் வேலை பார்க்கிற பெண்கள், காலேஜ் படிக்கிற நாலைந்து பேர். ஷிப்ட் முடிந்ததும், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, அப்படியே கிரவுண்டுக்கு வந்து பூட்ஸ் மாட்டுகிறவர்கள்.

கமிட்டியில் நாங்கள் ஒன்பது பேர். கால்பந்தில் எங்கள் அனுபவம் என்ன என்று கேட்கிறீர்களா? நான் எட்டாம் வகுப்பில் ஒரு தடவை மாற்று ஆட்டக்காரனாக வெளியே உட்கார்ந்திருக்கிறேன். ஆட்டம் முடியும்வரை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மற்ற எட்டுப் பேருக்கு என் அளவுக்கு அனுபவம் கிடையாது.

பிறகு நான் எப்படி இணைச் செயலாளர் ஆனேன்? பத்திரிகையில் எழுதுகிற ஆள்... லெட்டர் டிராஃப்ட் பண்ண வசதியாக இருக்கும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

நாங்கள் நீக்கியவர் பெயர் வேலுச்சாமி. அணியின் தலைமைக் கோச். ஊர் கூமாப்பட்டி. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். அங்கே ரெஜிமென்ட் டீமில் டிஃபென்ஸ் ஆடியவர். ரிட்டயர் ஆகி ஊரில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரை, 'வாங்க, வந்து டீமை உருவாக்கித் தாங்க' என்று கூட்டி வந்ததும் நாங்கள்தான். நாலு வருஷமாக வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பஸ் மாறி மாறி வந்து போய்க்கொண்டிருந்தார். லீவு என்று நான் கேள்விப்பட்டது இரண்டே நாள். ஒன்று அவர் மகள் கல்யாணம். இன்னொன்று கல்யாணத்துக்கு மறுநாள்.

அப்படிப்பட்டவரை ஏன் நீக்கினோம்?

லீக்கில் நாலு மேட்ச் ஆடி மூன்றில் தோற்றிருந்தோம். எங்கள் தலைவர் சமீப காலமாக போனில் ஐரோப்பியக் கால்பந்து பார்க்க ஆரம்பித்திருந்தார். அதுதான் வினை. கூட்டத்தில் எழுந்து, "நம்ம டீம்ல என்ன பிரச்சினைன்னா... ஒரு ஃபிலாசபி இல்ல" என்றார்.

எல்லோரும் தலையாட்டினோம். ஃபிலாசபி இல்லாதது அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது.

துணைத் தலைவர் மட்டும் மெதுவாகக் கேட்டார். "அது எங்க கிடைக்கும்?"

"கோயம்புத்தூர்ல" என்றார் தலைவர்.

ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த பையனிடம் பேசியிருக்கிறார். இருபத்தொன்பது வயது. கோச்சிங் லைசென்ஸ் இருக்கிறதாம். லேப்டாப் வைத்திருக்கிறானாம். பாயசம் வருவதற்குள் தலைவர் முடிவு பண்ணிவிட்டார்.

அந்த மூன்று மேட்சிலும் எங்கள் கோல்கீப்பர் மாரிச்செல்வி தோள்பட்டை இறங்கி வீட்டில் கிடந்தாள். அவள் இடத்தில், அதுவரை கையால் பந்தையே தொட்டிராத ஒரு ஃபார்வர்டு பெண் நின்றாள். தோற்றதற்கு அதுதான் காரணம். கமிட்டிக்கு இது தெரியாது. எப்படித் தெரியும்? ஒன்பது பேரில் ஒருத்தர்கூட அந்த மேட்சுகளைப் பார்க்கப் போகவில்லையே!

"நீக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்க."

எட்டுக் கை உயர்ந்தது. நானும் தூக்கினேன். ரொம்ப உயரமாக இல்லை. மனசாட்சி உறுத்தாத உயரத்துக்குத் தூக்கினேன்.

*

கடிதத்தை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? எழுதியவனே கொடுப்பதுதான் மரியாதை என்று எட்டுப் பேரும் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனேன். வேலுச்சாமி விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கார்னர் பக்கம் நின்று பந்துகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். நின்றபடியே. முழுசாக. இரண்டு தடவை.

"அண்ணாச்சி..."

"சொல்லுங்க கோச்."

"'தங்களின் பொன்னான சேவையைப் பாராட்டி, தங்களை விடுவிக்கிறோம்'னு எழுதியிருக்கீங்க. நான் என்ன ஜெயில்லயா கெடந்தேன்?"

'பொன்னான' என்ற வார்த்தைக்காக நான் கால் மணி நேரம் யோசித்திருந்தேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததில் எனக்கு ஒரு சின்ன வருத்தம்கூட இருந்தது. எழுதுகிறவன் புத்தி.

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி. செத்த நேரம் பொறுங்க. பிராக்டிஸ முடிச்சிட்டுப் போறேன்."

விசில் அடித்தார். ஒரு மணி நேரம் அன்றைக்கும் சொல்லிக்கொடுத்தார். கார்னர் பந்தை எப்படி வெட்டி வெளியே தள்ளுவது என்று. வேலையில் இல்லாத ஒருவர் அவ்வளவு கவனமாக வேலை பார்த்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முடித்துவிட்டு விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பந்துப் பையின் சாவியைக் கொடுத்தார். பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

*

திங்கட்கிழமை விஷயம் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பெண்கள் எல்லோரும் கிரவுண்டுக்கு வந்தார்கள். வந்து வேப்பமரத்தடியில் செருப்புக் காலோடு உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் பூட்ஸ் மாட்டவில்லை.

தலைவரும் நானும் போனோம். கேப்டன் பாண்டீஸ்வரி எழுந்தாள். நூல் மில்லில் வேலை. அந்த மெஷின் சத்தத்தில் பேசிப் பழகிய குரல்.

"எங்க கோச்சு, அவியள ஏன் சார் தூக்குனீங்க?"

"தூக்கலம்மா" என்றார் தலைவர். "விடுவிச்சிருக்கோம்."

"அப்ப எங்களையும் விடுவிச்சிருங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

பிரச்சினை என்னவென்றால், இரண்டு வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டோர்னமென்ட். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அங்கே வந்து பார்ப்பார்கள். மாவட்ட அணியில் ஆடிய சர்டிஃபிகேட் இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டுக் கோட்டாவில் மனுப்போடலாம். மாரிச்செல்விக்கு அதுதான் குறி. பேண்டேஜ் யூனிட்டில் தறி ஓட்டுகிற பெண். வயசு போய்க்கொண்டிருக்கிறது, வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தோள் இப்போதுதான் குணமாகியிருக்கிறது. இந்த டோர்னமென்ட்டை விட்டால் அவளுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்குமா என்பதே சந்தேகம்.

அவள் மற்றவர்கள் மாதிரி கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஆடணும் சார். ஆனா அவிய இல்லாம எனக்கு ஆட வராது" என்றாள்.

அவசரக் கூட்டம். பதினைந்தே நிமிஷம். கோச்சை நீக்கியது நீக்கியதுதான். பின்வாங்கினால் கமிட்டிக்கு என்ன மரியாதை? ஆனால் அவர் டீமோடு இருந்தாக வேண்டும். என்ன செய்வது?

எங்கள் நாட்டில் இந்த மாதிரிச் சிக்கலுக்கெல்லாம் ஒரே ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது. ஆலோசகர்!

யோசித்துப் பாருங்கள். ஆபீசில் ஒருத்தரை வழியனுப்பி, சால்வை போட்டு, குரூப் போட்டோ எடுப்போம். மறு வாரம், 'சார், அந்த ஃபைலு எங்க இருக்குன்னு செத்த வந்து சொல்லிட்டுப் போங்களேன்' என்று போன் பண்ணுவோம். ஆள் வேண்டாம். ஆனால் ஆளுக்குத் தெரிந்தது வேண்டும்.

கடிதம் எண் இரண்டு தயாரானது. 'தலைமை ஆலோசகர்' என்று போட்டேன். மைதானத்துக்கு வெளியே அவருக்கென்று ஒரு நாற்காலி போடப்படும். அவர் கோட்டுக்கு உள்ளே வரக்கூடாது. ஆட்டக்காரர்களிடம் நேராக எதுவும் பேசக்கூடாது. புதிய கோச் கேட்டால் மட்டும் சொல்லலாம். இவ்வளவையும் 'அன்புடன்' என்று ஆரம்பித்து 'நன்றியுடன்' என்று முடித்திருந்தேன்.

வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவி கேட்டாள். "இதுக்கு ஒத்துக்கிட்டு ரோசமுள்ள மனுசன் வருவாரா?"

வரமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். வரக்கூடாது என்றும் நினைத்தேன். நீக்கப்பட்டவர் கிளம்பிவிட வேண்டும், அதுதான் கௌரவம். அடுத்தவன் விசில் அடிக்க, ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு அவமானம் உண்டா? நானாக இருந்தால் கடிதத்தைக் கிழித்து... சரி, கிழித்திருக்க மாட்டேன். கிழிப்பதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருப்பேன்.

*

கூமாப்பட்டியில் அவர் வீட்டு வாசலில் நிற்கும்போதே உள்ளேயிருந்து அவர் மனைவி செல்லத்தாய் என் கையில் இருந்த கவரைப் பார்த்துவிட்டார்கள்.

"இன்னும் எத்தன லெட்டர் வச்சிருக்கீக அண்ணே? மொத்தமாக் குடுத்திருங்க. போக வர பஸ்ஸு மிச்சம்."

வேலுச்சாமி படித்தார். இந்தத் தடவை ஒரே தடவை.

"வாரேன்" என்றார்.

செல்லத்தாய் கொதித்துவிட்டார்கள். "என்ன வாரேன்? வெளிய போன்னு சொன்ன எடத்துல போயி சேரு போட்டு உக்காரப் போறீகளா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அந்தப் புள்ள எடது பக்கம் விழப் பயப்படுது."

"எந்தப் புள்ள?"

"மாரிச்செல்வி. தோளு எறங்குனது எடது. டாக்டரு சரியாயிருச்சுன்னுட்டாரு. ஆனா மனசுல இன்னும் எறங்கித்தான் கெடக்கு. பந்து எடது பக்கம் வந்தா கைய மட்டும் நீட்டுதா, ஒடம்ப விடமாட்டேங்கா. மணல்ல விழ வச்சு, பொறவு புல்லுல விழ வச்சு, கொஞ்சங் கொஞ்சமாக் கொண்டாந்துட்டேன். இன்னும் பத்து நாளு. அத அப்படியே விட்டுட்டு, எனக்கு ரோசம் வந்திருச்சுன்னு இங்க உக்காந்து தென்னைய எண்ணவா?"

செல்லத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினார்கள். உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்த வேகத்தில் பாதி என் சட்டையில் கொட்டியது. தற்செயல் என்று நான் நம்பவில்லை.

*

புதன்கிழமை புதுக் கோச் வந்து சேர்ந்தான். பெயர் நவீன். அவனை ஒரு வில்லனாக எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் பையன் நல்லவன். வேலையும் தெரிந்தவன். பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக நட்டு, நடுவே பந்தை உருட்டிக்கொண்டு ஓடச் சொன்னான். லேப்டாப்பில் படம் போட்டுக் காட்டினான். எல்லோரையும் 'வாங்க போங்க' என்றான். 'ஏட்டி, ஓடு!' என்று கேட்டே பழகிய பெண்களுக்கு, "கொஞ்சம் வேகமா ஓடுங்களேன்" என்றதும் யாரையோ சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

பெண்கள் அவன் சொன்னதைச் செய்தார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்பு, கண் மட்டும் ஒரு தடவை கோட்டுக்கு வெளியே போய் வந்தது.

அங்கே நாற்காலியில் வேலுச்சாமி. வாயைத் திறக்கவில்லை. ராணுவத்துக்காரர் இல்லையா, உத்தரவு என்றால் உத்தரவு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் நாலு வருஷப் பழக்கம். அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் டிஃபென்ஸ் முன்னால் நகர்ந்தது. பின்னால் சாய்ந்தால் பின்னால் போனது. ஒரு தடவை கொசு கடித்துக் காதைச் சொறிந்தார்... இரண்டு பேர் இடம் மாறி நின்றார்கள்.

மூன்றாம் நாள் நவீன் என்னிடம் வந்தான். முகம் வாடியிருந்தது.

"சார்... அவரு காதைச் சொறியக் கூடாதுன்னு ஒரு லெட்டர் போட முடியுங்களா?"

அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். தலைவர் காதில் இது விழுந்தது. அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 'ஆலோசகர் தேவையற்ற உடல் அசைவுகளைத் தவிர்க்கவும்' என்று மூன்றாவதாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். ஆமாம், எழுதினேன்! இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அப்போது 'அசைவுகளை' என்பதா, 'சைகைகளை' என்பதா என்ற குழப்பம் மட்டும்தான் இருந்தது.

அந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டிய தேவை வரவில்லை. அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

அன்று நவீன் கோல்கீப்பருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான். வலது, இடது, வலது, இடது என்று வேகமாகப் பந்தை எறிய, மாரிச்செல்வி பாய்ந்து பாய்ந்து பிடிக்க வேண்டும். வலது பக்கம் நன்றாகப் பாய்ந்தாள். இடது பக்கம் வந்த முதல் பந்துக்கு நின்றுவிட்டாள். இரண்டாவதுக்கும் நின்றாள்.

"பயப்படாதீங்க, விழுங்க" என்றான் நவீன்.

மூன்றாவது பந்துக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தாள். கை உடம்புக்குக் கீழே மாட்டியது. எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் புல்லில் வைத்து அழ ஆரம்பித்தாள்.

வேலுச்சாமி எழுந்தார். வேகமாக வந்தார். கோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். உள்ளே காலை வைக்கவில்லை. கோட்டின் மேல் நின்ற அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோதுதான், நான் எழுதிய கடிதம் என்ன மாதிரியான கடிதம் என்று எனக்குப் புரிந்தது.

"தம்பி" என்று கூப்பிட்டார். "செத்த வாங்க."

நவீன் ஓடி வந்தான்.

"தோளு எறங்கல, பயந்துருச்சு. நீங்க பந்தைக் கீழ வச்சிருங்க. முட்டி போட்டு நிக்கச் சொல்லுங்க. முட்டி போட்டபடியே எடது பக்கம் சாயச் சொல்லுங்க, பந்து வேண்டாம். பத்து தடவ. பொறவு பந்த உருட்டி விடுங்க, எறியாதீங்க."

"அவங்களுக்குத் தோள்ல அடின்னு எனக்கு யாருமே சொல்லலைங்களே..." நவீன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

யார் சொல்வது? மற்ற எட்டுப் பேருக்குத் தெரியாது, கூமாப்பட்டியில் கேட்டுத் தெரிந்துகொண்ட எனக்கோ சொல்லத் தோன்றவில்லை!

அவன் போய் அப்படியே செய்தான். முட்டி போட்டாள். சாய்ந்தாள். அழுதுகொண்டே சாய்ந்தாள். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ அழுகை நின்றுவிட்டது.

பிராக்டிஸ் முடிந்ததும் நவீன் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அண்ணா, எனக்கு ஃபார்மேஷன் தெரியுங்க. இவங்களைத் தெரியாதுங்க. சொல்லிக் குடுங்க."

எதிரே டீக்கடைக்குப் போனார்கள். நானும் வடை வாங்குகிற சாக்கில் கூடப் போனேன். வேலுச்சாமி ஒவ்வொருத்தியாகச் சொல்ல ஆரம்பித்தார். பாண்டீஸ்வரியைத் திட்டினால் நன்றாக ஆடுவாள், பாராட்டினால் கெட்டுப்போவாள். அந்தக் காலேஜ் பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டால் அன்றைக்கு அவள் கணக்கில் இல்லை. இன்னொருத்திக்கு நைட் ஷிப்ட் முடித்து வந்த நாளில் ஓட்டத்தைப் பாதியாக்க வேண்டும், அவளாகக் கேட்கமாட்டாள். பஸ்ஸுக்கு நேரம் ஆகும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தார். மறுநாளும் சொன்னார். அதற்கு மறுநாளும். நாலு வருஷம் கைக்குள் வைத்திருந்ததை நாலு டீயில் கொடுத்துவிட்டார்.

அவரை நீக்கியவனிடம் கொடுக்கவில்லை. அவர் இடத்துக்கு வந்தவனிடம் கொடுத்தார். எனக்கு அது அப்போது முழுசாகப் புரியவில்லை. வடை நன்றாக இருந்தது.

*

ஸ்ரீவில்லிபுத்தூர் டோர்னமென்ட். முதல் இரண்டு மேட்சும் ஜெயித்தோம். எதிர் டீம்கள் சாதாரணம். அரையிறுதிக்குக் கமிட்டி ஒன்பது பேரும் வேன் பிடித்து வந்திருந்தோம். வேனை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகப் பால்கோவா வாங்கிக்கொண்டோம். இரண்டாவது வேலையாகத்தான் நம் டீம் எந்தப் பக்கம் என்று விசாரித்தோம்.

எதிர் டீம் பலமான டீம். நவீன் கோட்டோரமாக நின்று கத்தினான். கொஞ்சம் தள்ளி வேலுச்சாமியின் நாற்காலி. இருபதாவது நிமிஷம், எதிர் டீமில் ஒரு பெண் பந்தை வாங்கி இடது ஓரமாக ஓடி வந்தாள்.

"பாண்டீஸ்வரி, லெஃப்ட்டு! லெஃப்ட்டுக்குப் போங்க!" என்று கத்தினான் நவீன்.

சரியான கத்தல்தான். ஆனால் பாண்டீஸ்வரி ஓடுவதற்கு முன் நாற்காலிப் பக்கம் பார்த்தாள். ஒரு நொடி, அதற்குமேல் இருக்காது. அந்த ஒரு நொடியில் அந்தப் பெண் இவளைத் தாண்டிவிட்டாள். கோல்.

ஹாஃப் டைம் விசில். பெண்கள் நவீனைச் சுற்றி நின்றார்கள். உடம்பு அவனைச் சுற்றி. முகமெல்லாம் வேறு பக்கம். வேலுச்சாமி அதைப் பார்த்தார். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். கேட்டை நோக்கி நடந்தார்.

நான் ஓடினேன். கையில் பால்கோவாவோடுதான்.

"கோச்! எங்க போறீங்க?"

"வீட்டுக்கு."

"தோத்துக்கிட்டு இருக்கோம்... இப்பப் போயி..."

"அதான் போறேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "அண்ணாச்சி, அந்தக் கோலு எப்படி விழுந்துச்சு, பாத்தீகளா?"

"டிஃபென்ஸ் லேட்டு."

"நான் இருக்கப் போயி லேட்டு. பந்த பாக்காம என்னையப் பாக்குதுக. அந்தத் தம்பி சரியாத்தான் சொல்லுதாரு. ஆனா நான் அங்க உக்காந்திருக்க வரைக்கும் அவரு சொல்லு எடுபடாது. எனக்கு அங்க செய்ய வேண்டியது ஒண்ணும் பாக்கியில்ல. அம்புட்டும் அவருகிட்ட சொல்லியாச்சு."

"மாரிச்செல்வி?"

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். திரும்பி கிரவுண்டைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"நான் நின்னா எனக்காக விழுவா. அவளுக்காக விழணும்."

பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். கமிட்டியில் எட்டுப் பேருக்கு அவர் போனது தெரியாது. அவர்கள் பால்கோவாவில் எந்தக் கடையுது உசத்தி என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பாதி தொடங்கும்போது பெண்கள் வழக்கம்போலப் பார்த்தார்கள். நாற்காலி காலி. பாண்டீஸ்வரியின் முகம் ஒரு நிமிஷம் அப்படியே இருண்டது. "அவிய எங்க?" என்று யாரோ கேட்டார்கள். நவீனும் அப்போதுதான் பார்த்தான். அவனுக்கும் முகம் வெளிறியது. தனியாக நிற்கிறோம் என்று தெரிந்த முகம். பிறகு என்ன தோன்றியதோ, "ஏட்டி பாண்டீஸ்வரி!" என்று கத்தினான். கோயம்புத்தூர்க்காரன் வாயில் அந்த 'ஏட்டி' கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது. "இங்க பாருட்டி! என்னப் பாரு! பந்தப் பாரு!"

அவள் பார்த்தாள்.

அதற்கப்புறம் ஆட்டம் வேறு மாதிரி போனது. ஒரு கார்னரில் பாண்டீஸ்வரியே தலையால் முட்டி ஒரு கோல் போட்டாள். ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எதிர் டீம் பெண் ஒருத்தி பத்தடி தூரத்தில் தனியாக நின்று ஓங்கி அடித்தாள். தாழ்வாக, வேகமாக, இடது மூலைக்கு.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மாரிச்செல்வி மண்ணில் நீளமாகக் கிடந்தாள். இடது பக்கமாக. பந்து போஸ்ட்டுக்கு வெளியே உருண்டுகொண்டிருந்தது. அவள் எழுந்து, ஜெர்சியைத் தட்டிவிட்டு, அடுத்த கார்னருக்கு ஆட்களை நிறுத்தக் கத்த ஆரம்பித்துவிட்டாள்.

ஜெயித்தோமா? இல்லை. பெனால்டியில் ஒரே ஒரு கோலில் தோற்றோம். வாழ்க்கை என் பத்திக்கு வசதியாக நடந்துகொள்வதில்லை. ஆனால் ஆள் எடுக்க வந்தவர்கள் மாரிச்செல்வியையும் பாண்டீஸ்வரியையும் கூப்பிட்டுப் பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதிக்கொண்டார்கள். மாவட்ட அணி லிஸ்ட்டில் இரண்டு பெயரும் வந்துவிட்டது.

கிரவுண்டிலிருந்தே வேலுச்சாமிக்குப் போன் போட்டேன். பஸ் சத்தம். வத்திராயிருப்பு பக்கம் போய்க்கொண்டிருந்தார். தோற்றதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, அவர் ஸ்கோரே கேட்கவில்லை.

"எடது பக்கம் விழுந்தாளா?"

"விழுந்தா கோச்."

"எந்திரிச்சாளா?"

"உடனே எந்திரிச்சுட்டா."

பிறகு, "சரிண்ணாச்சி... கண்டக்டர் டிக்கெட் போட வாராரு. வச்சிருதேன்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. கண்டக்டர் மேல் பழியைப் போட்டுவிட்டார்.

*

போன ஞாயிறு கமிட்டி கூடியது. பெண்கள் ஏழெட்டுப் பேரும் வந்து பின்னால் நின்றார்கள்.

தலைவர் எழுந்தார். "தோத்துட்டோம். அப்ப புதுக் கோச்சோட ஃபிலாசபியிலயும் ஏதோ கோளாறு இருக்கு. பழையவரையே திரும்பக் கோச்சாப் போட்டுட்டு, புதுசா வந்தவரை ஆலோசகரா வச்சிக்கலாம். லெட்டர் ரெடி பண்ணுங்க" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் சொன்னேன். "நான் எழுதல."

கூட்டம் அதிர்ந்துபோனது. பேனா இல்லை போலிருக்கிறது என்று நினைத்துத் துணைத் தலைவர் தன்னுடையதை நீட்டினார்.

காலையிலேயே நான் வேலுச்சாமியிடம் பேசியிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். 'அந்தத் தம்பி நல்லாச் சொல்லிக் குடுக்காரு, அவரை நிம்மதியா விடுங்க. நான் ஆறு மாசத்துக்கு கிரவுண்டு பக்கமே வரமாட்டேன். பொறவு வேணும்னா வெளியாளா வந்து மேட்ச் பாத்துட்டுப் போறேன்.'

நீக்கப்பட்டவர் டீமோடு இருக்கலாமா, கூடாதா? வாரம் முழுக்க நானும் யோசித்தேன். அவர் இருந்தபோதும் சரியாக இருந்தார். போனபோதும் சரியாகப் போனார். செய்ய வேண்டியது பாக்கியிருந்தவரை அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது முடிந்ததும் ஒரு நிமிஷம்கூடக் கூடுதலாக உட்காரவில்லை. இதற்குப் பெரிய ஃபிலாசபி ஒன்றும் தேவையில்லை என்று தோன்றுகிறது. தன்னால் டீமுக்கு லாபமா நஷ்டமா என்று நேர்மையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இதையெல்லாம் நான் கூட்டத்தில் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன். அப்போது பின்னாலிருந்து பாண்டீஸ்வரி அந்த மில் குரலில் கேட்டாள்.

"சார், கோச்ச மாத்திப் பாத்தாச்சு. கோல்கீப்பர மாத்திப் பாத்தாச்சு. ஒரேயொரு தடவ இந்தக் கமிட்டிய மாத்திப் பாப்பமா?"

ஒன்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என்ன நகைச்சுவை உணர்வு அந்தப் பெண்ணுக்கு!

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்... அவர்கள் பக்கம் ஒருத்தரும் சிரிக்கவில்லை.